எண் 2216, சாய்வெழுத்தில்

எங்கள் அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் "இட்டாலிக் அக்கா", முதுகுக்குப் பின்னால் வெறும் இட்டாலிக். சாய்வெழுத்தைப் பற்றி யாராவது தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டால் அரைமணி நேரம் நகர முடியாது என்பதால் வந்த பெயர். அவள் எழுத்துக் கோக்கிறவள், நான் பிழை திருத்துகிறவள். அவளைவிட நான்கு வயது மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பாள். பதினேழு வருடம் ஒரே அறையில் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்திருந்தோம்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். இவளோடு எவன் குடும்பம் நடத்துவான் என்று வீட்டில் சொன்னார்கள். எவனும் நடத்தவில்லை, அது வேறு கதை.

அச்சகத்தின் பெரிய வேலை, கப்பல் பணியாளர் சங்கத்தின் உறுப்பினர் புத்தகம். வருடத்துக்கு ஒன்று. பல தேசத்து ஆட்கள் இருக்கிற சங்கம். எந்தத் துறைமுகத்திலும் படிக்க முடிய வேண்டும் என்பதால் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆள். எண், பெயர், கடைசியாக வேலை பார்த்த கப்பல். நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒருமுறை ஏறிய பெயரை அந்தச் சங்கம் எடுக்கவே எடுக்காது. "சேர்றது உங்க இஷ்டம், வெளிய போறது உங்க இஷ்டம் இல்ல" என்று செயலாளர் சிரிப்பார். உயிரோடு இருப்பவர் பெயர் நேரெழுத்தில் நிற்கும். இறந்தவர் பெயர் சாய்வெழுத்துக்கு மாறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கப்பலின் பெயரை எப்போதும் சாய்வில் போடுவது அச்சு மரபு. ஆனால் வரியே சாய்ந்திருந்தால் கப்பல் தனியாகத் தெரியாது, அதனால் அங்கே கப்பலை நேராக்கிவிடுவோம். ஆக, உயிரோடு இருப்பவன் வரியில் ஆள் நிற்பான், கப்பல் சாய்ந்திருக்கும். செத்தவன் வரியில் ஆள் சாய்ந்துவிடுவான், கப்பல் நிமிர்ந்து நிற்கும். முதல் வருடம் அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது, ஆளை இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்புவதை வரிக்கு வரி பார்ப்பதுபோல இருந்தது.

எங்கள் நேரெழுத்தில் ஒவ்வொரு காலின் அடியிலும் தட்டையாக ஒரு பாதம் இருக்கும், தரையில் ஊன்றி நிற்கும். அதற்கென்றே வரைந்த சாய்வெழுத்தில் அந்தப் பாதங்கள் இருக்காது. அந்த இடத்தில், பேனா தாளைவிட்டு எழும்பும்போது விழுகிற சின்ன வளைவு மட்டும் இருக்கும். சின்ன 'ஏ' தன் அச்சு முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்து 'ஏ' ஆகிவிடும். 'எஃப்' வரிக்குக் கீழே வாலை இறக்கும். ஒன்றையொன்று தொடாவிட்டாலும் தொடப்போவதுபோல எழுத்துகள் நெருங்கி வரும். இதையெல்லாம் அவள்தான் எனக்குக் காட்டினாள். நான் அதற்கு முன்னால் எழுத்தைப் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

முதலாளிக்கு இது வீண் வேலை. "எதுக்கும்மா தனியா ஒரு எழுத்து? இந்தப் பட்டனைத் தட்டினா எல்லாமே சாயுதே" என்று ஒருநாள் தட்டிக்காட்டினார்.

"அது சாயலை சார், தள்ளிவிட்டிருக்கு. தானா நடந்து போறவனுக்கும் பிடிச்சுத் தள்ளினவனுக்கும் வித்தியாசம் இல்லையா?" என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த நிஜச் சாய்வெழுத்தை அவள் தன் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

வருடக் கடைசியில் சங்கத்திலிருந்து இறந்தவர்களின் சீட்டுகள் வரும். ஒவ்வொரு எண்ணாகத் தேடி, பெயரைச் சாய்த்து, கப்பலை நிமிர்த்துவாள். ஒவ்வொருவருக்கும் வாய்க்குள் "போயிட்டு வாங்க" என்பாள்.

"செத்தவனைப் போயிட்டு வான்னு சொல்றியே, வந்துட்டா என்ன பண்ணுவ?" என்று சீண்டினேன்.

"வரட்டுமே அக்கா" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அன்று மாலை நான் விளக்கை அணைக்காமலே வீட்டுக்குப் போனேன்.

எண் 2216 அவள் கணவர். கப்பலில் எலக்ட்ரீஷியன். ஒரு துறைமுகத்தில் காலை பத்து மணிக்கு, பிளேடு வாங்கிட்டு வரேன் என்று அறைத்தோழரிடம் சொல்லிவிட்டு ரப்பர் செருப்போடு இறங்கினார். திரும்பி வரவில்லை. கப்பல் ஆறு மணி நேரம் காத்திருந்து கிளம்பியது. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை எல்லாம் தேடினார்கள். பெட்டி, ஷூ, கைக்கடிகாரம் எல்லாம் அறையிலேயே இருந்தன. அவருக்கு அப்போது நாற்பது வயது. காலம் கடந்து பிறந்த ஒரே மகளுக்கு ஐந்து.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஓடிப்போகிறவன் ரப்பர் செருப்போடா ஓடுவான் என்று ஒரு கட்சி. செத்தவன் உடம்பு எங்கே என்று இன்னொரு கட்சி. சங்கத்தின் விதிப்படி, ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் குடும்பத்தார் ஒரு பாரத்தில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் பெயரைச் சாய்ப்பார்கள். அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் காணாமல் போன இரண்டாம் வருடம் எங்கள் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்ததே, அந்தப் பெயரைத் தொடுகிற கை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான். இதை அவள் என்னிடம் சொல்ல ஆறு வருடம் ஆயிற்று.

அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். ஒரு வருடம் கப்பல் விபத்தில் ஒன்பது பேர் சாய்ந்தார்கள். பிறகு மாரடைப்பு, சர்க்கரை, குடி என்று வருடத்துக்கு இரண்டு மூன்று பேர். கடைசியில் அவருக்கு மேலே பத்து வரி, கீழே எட்டு வரி எல்லாம் சாய்ந்துவிட, அவர் மட்டும் கூட்டத்தில் ஏதோ கேட்க எழுந்தவர் மாதிரி நடுவில் நின்றார். அந்தப் பக்கத்தைப் புரூஃப் பார்க்க எனக்குப் பிடிக்காது. எந்த வரியில் ஆரம்பித்தாலும் கண் அங்கேதான் போகும். அவர் என்னைப் பார்ப்பதாக இருக்கும்.

ஒரு மதியம் கைகழுவிவிட்டு அறைக்கு வந்தேன். அவள் திரையில் ஒரே ஒரு பெயர், பெரிதாக, சாய்வில். அவர் பெயரில் மூன்று 'ஏ' உண்டு, கடைசியில் ஒரு 'ஒய்'. மூன்று 'ஏ'யும் முகம் மாறியிருந்தன. 'ஒய்' வாலை இடப்பக்கம் சுருட்டியிருந்தது.

"சும்மா போட்டுப் பார்த்தேன் அக்கா" என்றாள். "இது அவர் கையெழுத்து. இப்படித்தான் போடுவார். அந்த வாலைக்கூட இப்படித்தான்…"

"அழி முதல்ல" என்றேன். நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் அந்தப் பெயர் அப்போதுதான் யாரோ எழுதிவிட்டுக் கையை எடுத்ததுபோல இருந்தது. அவள் இரண்டு முறை தப்பான விசையை அழுத்தி, மூன்றாவது முறை அவரை நிமிர்த்தினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் நடமாட ஆரம்பித்தார். இதை எனக்குச் சொன்னது மகள். வெளியூரில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், என்னைப் பெரியம்மா என்பாள். "அம்மா சோபால உட்காரும்போது நகர்ந்து உட்கார்றாங்க பெரியம்மா. யாருக்கோ இடம் விடற மாதிரி. குளியலறைக் குழாய் திறந்திருந்தா, வேணும்னே மூடாம விட்டுட்டு வராங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"நீங்களே சொல்லுங்க பெரியம்மா" என்றாள் மகள். "பேரு நேரா நிக்கற வரைக்கும் அவர் எங்கயோ ஒரு வீட்டுல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கார்னு அர்த்தம். அங்க ஒரு பொண்ணு இருப்பா. அவளை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டிருப்பார். அதை நினைச்சு நினைச்சு நான் அவரைத் திட்டிட்டே இருக்கணும். சாய்ச்சுட்டா, பாவம், பிளேடு வாங்கப் போன மனுஷன். எனக்கு ஒரு அப்பா இருந்தார்னு ஆகும்."

"உயிரோட இருக்கறவரைச் சாகடிச்சு உனக்கு அப்பா வேணுமாடி?"

"விட்டுட்டுப் போனவர் உயிரோட இருந்து உனக்கு என்னம்மா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். எங்கயோ நல்லா இருக்கட்டும். அது போதும்."

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் பட்டது. பிழை திருத்துகிறவளுக்கு இதைவிடத் தலைவலி கிடையாது. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க வேண்டும்.

மறு வருடம்தான் அந்தக் கூத்து நடந்தது. முதலாளி புதிதாக அச்சுத் தகடு எடுக்கும் மிஷின் வாங்கினார், அதோடு ஒரு கம்ப்யூட்டர். மிஷின்காரர் எங்கள் புத்தகத்தை அதில் திறந்தார். அவள் வைத்திருந்த சாய்வெழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. இல்லாத எழுத்துக்குப் பதிலாக அது தானாகவே நேரெழுத்தைப் போட்டுக்கொண்டது. அந்தப் புண்ணியவான் எதையும் பார்க்காமல், எங்கள் பழைய கோப்பின் மேலேயே சேமித்து, தகடு எடுத்து, அச்சும் அடித்துவிட்டார். நான் கடைசிப் புரூஃபை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தேன். புத்தகம் வந்ததும் அட்டையைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன், உள்ளே பிரிக்கவில்லை. அது என் தப்பு. நாலாயிரம் வீடுகளுக்குப் புத்தகம் போய்விட்டது.

முதல் போன் ஒரு விதவையிடமிருந்து வந்தது. "எங்க வீட்டுக்காரர் நேரா இருக்கார். ஏதாவது தகவல் வந்ததா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு பெயர்கூடச் சாயவில்லை. கப்பல்களும் சாயவில்லை. அவள் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள், பக்கங்களைத் திருப்பினாள், திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"எல்லாரும் எழுந்துட்டாங்க அக்கா" என்றாள்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பது பேர். நான்கு நாள் போன் ஓயவில்லை. சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். ஒருத்தி, "நான் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டேனே, இப்ப என்ன பண்றது?" என்று பதறினாள். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவருடைய மகனைப் பதினொரு வருடத்துக்கு முன்னால் கப்பல் தளத்திலிருந்து அலை இழுத்துப் போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அவனைச் சாய்த்தவள் இவள்தான்.

"பையன் நேரா நிக்கறான். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். "மிஷின் தப்புங்க ஐயா. எழுத்து மாறிப்போச்சு. உங்க பையன்… இல்லைங்க ஐயா."

"மிஷினா?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும் தெரியும்மா. தெரிஞ்சுதான் வந்தேன்." புத்தகத்தை மூடிக்கொண்டே, "ஆனா மூணு நாள் இருந்தான்" என்றார். பிறகு புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இதைத் திருப்பிக் கேட்பீங்களா?" என்றார்.

"கேட்க மாட்டோம். வெச்சுக்குங்க."

அவர் போனதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "நேரா நிக்கறதுக்கு அர்த்தமே இல்ல அக்கா" என்றாள். "யாரும் பட்டனைத் தொடலைன்னா எல்லாருமே நிப்பாங்க. பதினேழு வருஷமா அவர் நிக்கறார்னு நினைச்சேன். நான்தான் தொடாம இருந்திருக்கேன்."

எனக்கு அவள்மேல் அப்போது வந்த பரிதாபத்தைச் சொல்ல முடியாது. பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

திருத்தி மறுபடி அடிக்க வேண்டும். பழைய கோப்பு இல்லை. போன வருட அச்சுப் புத்தகத்தையும் இந்த வருடச் சீட்டுகளையும் வைத்து நான் உரக்கப் படிப்பது, அவள் ஒவ்வொரு வரியாகச் சாய்ப்பது என்று முடிவாயிற்று. நான்கு பகல் ஆனது. "ஒன்று, சாய்வு. இரண்டு, சாய்வு. மூன்று, நேர்." என் குரல் எனக்கே யாருடையதோ போல ஆகிவிட்டது. ஒவ்வொரு சாய்வுக்கும் பின்னாலிருந்து ஒரு "போயிட்டு வாங்க." ஏற்கெனவே ஒருமுறை வழியனுப்பியவர்களை இன்னொருமுறை அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அறையில் கூட்டமாக இருப்பதுபோல மூச்சு முட்டியது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தேன். போகிறவர்கள் போகட்டுமே. முன்பெல்லாம் இப்படி யாராவது சொன்னால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலை அவர் பக்கம் வந்தது. நான் குரலை மாற்றாமல் படித்தேன். "இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினஞ்சு, சாய்வு. பதினாறு, நேர்."

விசைப்பலகைச் சத்தம் வரவில்லை.

"சாய்வு, அக்கா" என்றாள்.

"புத்தகத்துல நேர்னு இருக்கு."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நீட்டினாள். சங்கத்தின் பாரம். குடும்பத்தார் கையெழுத்து என்ற இடத்தில் அவள் கையெழுத்து. பல வருடமாக நானே சொல்ல நினைத்தது அதுதான். ஆனாலும் கையில் வாங்கியதும் கேட்டுவிட்டேன்.

"முடிவு பண்ணிட்டியா? அவர் இல்லைன்னு?"

"இல்ல அக்கா. உயிரோட இருக்கறவனைத் தெரியாம சாய்ச்சுட்டா என்ன ஆகும்?"

அது எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருவராவது அப்படிச் சீட்டுக் குழப்பத்தில் சாய்ந்துவிடுவார். புத்தகத்தின் கடைசியில் எங்கள் அச்சக முகவரி போட்ட ஒரு திருத்தக் கார்டு ஒட்டியிருக்கும். மனைவிக்குக் கடிதம் போடாதவன்கூட அந்தக் கார்டை அடுத்த தபாலிலேயே போட்டுவிடுவான். கப்பல் சமையல்காரர் ஒருவர் கார்டு போதாதென்று நேரில் வந்து, முதலாளி மேஜைமேல் ஏறி நின்று, "நான் சாய்ஞ்சா இருக்கேன்? நல்லாப் பாரு" என்று கத்தினார்.

"எல்லாத் துறைமுகத்துலயும் சங்கத்துப் படிப்பறைல இந்தப் புத்தகம் கிடக்குது" என்றாள். "எங்க இருந்தாலும் என்னிக்காவது புரட்டுவார். பேரு நேரா இருந்தா பார்த்துட்டு மூடி வெச்சுடுவார். இவ்வளவு நாளா மூடி வெச்சிருக்கலாம். செத்துட்டான்னு போட்டா சும்மா இருப்பாரா?"

அழுத்தினாள். பெயர் சாய்ந்தது. கப்பல் நிமிர்ந்தது. போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. திரையைப் பார்த்து, "வாங்க" என்றாள்.

திருத்திய புத்தகத்தை மகளிடம் காட்டியபோது நானும் இருந்தேன். மகள் அந்தப் பெயரை விரலால் தடவினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அவளும் விவரம் தெரிந்தவள்தான். "ஒரு வருஷம் பார்க்கலாம்மா. எங்கிருந்தாவது கார்டு வந்துடுச்சுன்னா?" என்றாள்.

"வரட்டும், பார்க்கலாம்" என்றாள் அம்மா.

அந்த வருடம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். பத்தே முக்காலுக்கு அவள் கை நின்றுவிடும். வந்த தபாலை நான் பிரிப்பேன், திரும்பிப் பார்க்காமல் "இல்ல" என்பேன், விசைப்பலகை மறுபடி ஓடும். வீட்டில் அவர் நடமாட்டம் அதிகமாகிவிட்டது என்றாள். அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறதாம், கண்ணாடி முன்னால் யாரோ இருமுகிறார்களாம். "கோபமா இருக்கார் அக்கா. சாய்ச்சுட்டேனே, அந்தக் கோபம். செத்திருந்தா எதுக்குக் கோபம் வருது?" அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடப் போகிறதே என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

ஒன்பதாம் மாதம் கார்டு வந்தது.

நான்தான் எடுத்தேன். உறுப்பினர் எண்: 2216. தவறு: சாய்வு. சரி: நேர். குறிப்பு என்ற இடத்தில், "உயிரோடு இருக்கிறேன். உடனே திருத்தவும்." தபால் முத்திரை மசிந்து, எந்த ஊர் என்று படிக்க முடியவில்லை. மறைக்கத்தான் நினைத்தேன், ஒளிப்பானேன். ஆனால் அதற்குள் "இல்ல" என்று சொல்ல வேண்டிய நேரம் கடந்துவிட்டது. அவள் திரும்பிவிட்டாள்.

கார்டை வாங்கியவள் முதலில் சிரித்தாள். நிஜமான சிரிப்பு. அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. "அவர்தான் அக்கா. எழுத்து கொஞ்சம்கூட நடுங்கலை பாருங்க. நல்லாத்தான் இருக்கார்."

பிறகு பின்பக்கம் திருப்பினாள். வெற்று அட்டை. முன்பக்கம் படித்தாள், மறுபடி திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரங்களைப் பார்த்தாள். நான்கு ஓரத்திலும் ஒன்றும் இல்லை.

"இவ்வளவு இடம் இருந்திருக்கு" என்றாள். "பாப்பா எப்படி இருக்கான்னு ஒரு வரி… தன் பேரை மட்டும் நிமிர்த்தச் சொல்றார் அக்கா."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஊர் எது என்று கண்டுபிடித்துப் போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அவள் அழவில்லை. கார்டைத் தன் கைப்பையில் வைத்தாள். அன்று மாலை வரை வேலை செய்தாள், ஒரு பிழைகூட இல்லாமல்.

அடுத்த புத்தகத்துக்கான நாள் வந்தது. சங்கத்திலிருந்து வந்த சீட்டுகளோடு போன புத்தகத்தையும் வைத்துக்கொண்டு நான் படித்தேன். 2216 வந்ததும் நிறுத்தினேன்.

"சாய்வு" என்றாள்.

"கார்டு வந்திருக்கே."

"வந்தது எனக்கு அக்கா. சங்கத்துக்கு இல்ல."

"பொய்யாச்சேடி அது."

"எனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு. எங்கயோ நல்லா இருக்கார். என் பொண்ணுக்கு வேண்டியதை நான் கொடுக்கணும் இல்ல?"

அந்தப் பக்கத்தின் புரூஃப் என் மேஜைக்கு வந்தது. அரைப்புள்ளிக்காகச் செயலாளரோடு மல்லுக்கு நின்றவள் நான். பக்கத்தின் அடியில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே நான் விட்ட ஒரே பிழை அது. அந்த வருடப் புத்தகத்தில் வேறு பிழையே கிடையாது.

புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வருஷம் ஆயிடுச்சேம்மா. ஏதாவது வந்ததா?"

என் கண் தன்னிச்சையாக நாற்காலியில் தொங்கிய அவள் அம்மாவின் கைப்பைக்குப் போயிற்று. பிடுங்கித் திருப்பிக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றாள் அவள். "உயிரோட இருந்திருந்தா எழுதியிருப்பார். உன்னைக் கேட்காம இருந்திருக்க மாட்டார்."

மகள் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இத்தனை வருடத்தில் அப்பாவுக்காக அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அப்பா பாவம்மா. நான் அவரை எவ்வளவு திட்டியிருக்கேன். பிளேடு வாங்கத்தானேம்மா போனார். தெரியாத ஊர்ல தனியா என்ன ஆச்சோ, யாரையெல்லாம் கூப்பிட்டாரோ."

"உன்னைத்தான் கூப்பிட்டிருப்பார்" என்றாள் அவள். மகளின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கடைசி வரைக்கும் உன் பேரைத்தான் சொல்லியிருப்பார்."